நூற்றிருபதில் நின்ற முள்

நம் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஊக்கம் தரும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. உங்களுக்கு உயிர்மேல் கொஞ்சம் ஆசை வந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

ஒரகடத்தில் டைவராக இருப்பதில் முதல் கஷ்டம் தண்ணீருக்கு வெளியில்தான். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது "மாப்பிள்ளை டைவர்" என்றார் என் மாமா. பெண்ணின் அப்பா, "லாரியா, கம்பெனி பஸ்ஸா?" என்று கேட்டார். தண்ணீருக்குள் இறங்குகிறவன் என்று விளக்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. டிரைவராக இருந்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும். கம்பெனி கேட்டிலும் இதே கதைதான். செக்யூரிட்டி நோட்டில் என்னை டிரைவர் என்று எழுதி, வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு லாரிக்காரர்கள் உட்காரும் கொட்டகைக்குப் போகச் சொல்வார்கள். ஒரு தடவை விளக்கம் சொல்ல அலுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தேன். உள்ளே என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தீயணைக்கிற தண்ணீருக்கென்று பூமிக்குள் ஒரு பெரிய டேங்க் இருக்கிறது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அதை ஒரு மணி நேரம்கூடக் காலி பண்ண மாட்டார்கள். அதனால் தண்ணீரோடு தண்ணீராக நாம் இறங்கிச் சேற்றை எடுக்க வேண்டும். இருபதடி ஆழம், மேலே கான்கிரீட் கூரை, இறங்க ஒரு மேன்ஹோல். கடலில் கோளாறு வந்தால் நேராக மேலே போகலாம். இங்கே நேராக மேலே போனால் கூரையில் தலை இடிக்கும்.

கருவிகள் எப்படியெல்லாம் கெடும் என்று பயிற்சியில் பாடம் எடுத்திருப்பார்கள். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வரும், காலில் மாட்டும் துடுப்பின் வார் அறும், ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டும். இதெல்லாம் நல்ல ஜாதிக் கோளாறு, கெட்டால் கெட்டேன் என்று சொல்லிவிடும். மனிதர்களால் வரும் கோளாறு அப்படிச் சொல்லாது. ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேனேஜர், நாங்கள் சிலிண்டர்களைச் சுமந்து வருவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "எங்க பிளான்ட் பூரா ஏர் லைன் ஓடுது, எதுக்கு வெளியில இருந்து காத்து தூக்கிட்டு வரீங்க?" என்றார். அது பெயின்ட் அடிக்கிற துப்பாக்கிக்குப் போகும் காற்று, எண்ணெய் ஆவி கலந்திருக்கும், மனிதன் மூச்சு விட ஆகாது என்றேன். அவருக்கு மனசு நொந்துவிட்டது. "இதுவரைக்கும் எங்க ஏர்ல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்லையே" என்றார். துப்பாக்கிக்கு நுரையீரல் கிடையாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேலை அப்புறம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது சேவியர் விஷயம்.

சேவியர் தூத்துக்குடிக்காரன். சங்கு குளிக்கிற குடும்பம். மூச்சைப் பற்றி அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே அளவு சிலிண்டரோடு இறங்கினால் தான்தான் கடைசியில் ஏறுவேன் என்பான். "எங்க ஊருல காத்தெல்லாம் ஆடம்பரம்ணே" என்று என்னைச் சீண்டுவான். நான் மண்ணூர்க்காரன், கிணற்றில் நீச்சல் பழகியவன், மூச்சு நிறையவே வாங்குவேன். இந்த ஒரு விஷயத்தில் அவனிடம் எனக்குப் பொறாமை உண்டு, அதை மறைக்கவில்லை.

கர்வம் இருந்தாலும் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. இறங்குவதற்கு முன்னால் சிலிண்டர் வால்வைத் திறந்து, காற்றழுத்தம் காட்டும் கேஜில் முள் இருநூறுக்கு, அதாவது முழு அளவுக்கு, வருகிறதா என்று பார்ப்பான். அப்புறம் வால்வை மூடிவிட்டு ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு இழுப்பான். குழாயில் மிச்சமிருக்கும் காற்று இரண்டு மூன்று மூச்சுக்குத்தான் வரும், அதோடு அடைத்துக்கொள்ளும். அந்த நேரம் முள்ளும் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். காற்று தீர்ந்தும் முள் வழியில் எங்காவது நின்றால் கேஜ் பொய் சொல்கிறது என்று அர்த்தம். இதற்கு எங்கள் குழுவில் 'மூணு மூச்சு' என்று பெயர். அரை நிமிட வேலை.

அன்றைக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. தீயணைப்புப் பம்பு தண்ணீர் உறிஞ்சவில்லை, உறிஞ்சுகுழாயின் சல்லடை சேற்றில் புதைந்திருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட். கம்பெனியே பெயின்ட் வாசனையடித்தது. மரங்களுக்குக்கூட இடுப்புவரை வெள்ளையடித்திருந்தார்கள்.

சேஃப்டி ஆபீசர் பெயர் ரகுநாதன். நல்ல மனிதர். யாருக்கும் அடிபடக் கூடாது என்று மனசார நினைப்பவர். அடிபட்டால் நிரப்ப வேண்டிய படிவங்கள் அவருக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் விபத்தில்லாத நாட்கள் என்று ஒரு பலகை இருந்தது. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றிவிட்டுத்தான் அவர் டிபன் சாப்பிடுவார் என்று கேன்டீனில் சொன்னார்கள்.

அவர் எங்கள் சாமான்களை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த காலிபரேஷன் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறது என்று சோதித்துத் தேதி போட்டு ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் அது. சேவியரின் கேஜில் வந்து நின்றார்.

"இது நாலு நாள் முன்னாடியே எக்ஸ்பயரி ஆயிடுச்சே."

"கேஜ் நல்லாத்தான் சார் இருக்கு, இப்பக்கூடப் பாத்தேன்" என்றான் சேவியர்.

"கேஜ் நல்லா இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. டேட் நல்லா இல்ல. பெர்மிட் குடுக்க முடியாது."

பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு உபரி கேஜ் கிடந்தது. நாங்கள் அதை உபயோகித்தே ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் எல்லாவற்றோடும் அதையும் காலிபரேஷனுக்கு அனுப்பியிருந்தோம் போலிருக்கிறது, பளபளவென்று புது ஸ்டிக்கர். இன்னும் பத்து மாதம் செல்லும். ரகுநாதன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு ஸ்டிக்கரை அவ்வளவு பாசத்தோடு யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

பழையதைக் கழற்றி இதை மாட்டினேன், முள் அப்போது எங்கே நின்றது என்று கவனிக்கவில்லை. வால்வைத் திறந்தேன், முள் ஜம்மென்று இருநூறில் போய் நின்றது. சேவியர் அதற்குள் ஈயப் பட்டையைக் கட்டிக்கொண்டு மேன்ஹோல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். ரகுநாதன் செக்லிஸ்டை நீட்டினார். இருபத்தாறு வரிகள். அதில் ஒன்று, பிரஷர் கேஜ் வேலை செய்கிறதா? எல்லாவற்றுக்கும் வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேவியர் திரும்பி, "மூணு மூச்சு பாத்தாச்சாண்ணே?" என்று கேட்டான்.

"பாத்துட்டேன்" என்றேன்.

பார்க்கவில்லை. அரை நிமிட வேலையைச் செய்யாமல் அரை வினாடியில் பொய் சொன்னேன். ஏன் என்று இத்தனை வருஷம் யோசித்தும் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டிக்கர் பச்சையாக இருந்தது, ஆபீசர் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். அவன் மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

மேலே எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டது கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்து ஆள், அந்தக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர். எங்கள் ஆள் ஒருவன் அன்று வராததால் அவரைக் கொடுத்தார்கள். கயிற்றுப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு இழுப்பு என்றால் நலம். நாலு இழுப்பு என்றால் எங்களை இழு. அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டார்.

டேங்க் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அதன் வாசல் வழியாக அந்தப் பக்கம் போனால்தான் சல்லடை. சேற்றைத் தொட்டதும் தண்ணீர் டிகாஷன் ஆகிவிட்டது. டார்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். கையால் தடவித் தடவி வேலை செய்தோம். சல்லடையைத் தோண்டிப் பெயர்க்கும் கடும் வேலை அவனுடையது, அப்படிப் பாடுபட்டால் யாருக்கும் காற்று சீக்கிரம் தீரும். அரை மணிக்கு மேல் ஆனதும் என் கேஜைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன், எழுபது. சேவியரின் தோளைத் தட்டினேன். அவன் தன் கேஜைக் கொண்டுவந்து என் முகத்தில் அழுத்தினான். நூற்றிருபது.

அவன் சிரிப்பது எனக்குத் தெரியவில்லை, ஆனால் சிரித்திருப்பான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவன் மட்டும் எப்படி இவ்வளவு சிக்கனமாக மூச்சு விடுகிறான் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். அவன் கர்வத்துக்கும் என் பொறாமைக்கும் அந்த எண் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால் இரண்டு பேருமே சந்தேகப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் கையை ஏதோ பிடித்தது. அப்படி ஒரு பிடியை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. ஐந்து விரலும் எலும்புவரை அழுந்தின. அப்புறம் அந்தக் கை என் மார்பில் தடவிக்கொண்டே வந்து என் உபரி மவுத்பீஸைத் தேடியது. காற்று தீர்ந்தவனின் கைக்கு வேறு வேலையே கிடையாது. நான் அதை உருவி அவன் வாய் இருக்கும் இடம் என்று நினைத்த இடத்தில் திணித்தேன். முதலில் கன்னத்தில் இடித்தது. இரண்டாவது தடவை அவன் பிடித்துக்கொண்டான். ஒரு பெரிய மூச்சை அவன் இழுப்பது என் முதுகுச் சிலிண்டரில் எனக்குக் கேட்டது.

நான் கயிற்றை நாலு தடவை இழுத்தேன்.

மேலே நடந்ததைக் கன்னியப்பன் பிற்பாடு சொன்னார். ரகுநாதன் பக்கத்தில் நின்று, கயிறு அசையும்போதெல்லாம் மணியைப் பார்த்து நோட்டில் ஓகே என்று எழுதிக்கொண்டிருந்தாராம். நாலு இழுப்பு வந்ததும் சந்தோஷமாகி, "நாலு தடவ ஓகே சொல்றாங்க, உள்ள சூப்பரா போகுது போல" என்றாராம்.

"இன்னா சார் ஓகே? இஸ்துக்கோன்னு சொல்றாங்கோ" என்று கன்னியப்பன் கயிற்றை வாரியிருக்கிறார்.

"இருங்க, எதுக்கும் ஒருதரம் கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்."

"நீ கன்பாம் பண்ணிகினே இரு சார். ஆளு துடிக்கறது என் கையில தெரியுது."

அவர் இழுத்த இழுப்பில் நான் தடுப்புச் சுவரில் மோதி, வாசலுக்குள் புகுந்து, சேவியரை இறுக்கி அணைத்தபடி வந்தேன். இரண்டு பேர் ஒரே சிலிண்டரை இழுத்தால் எவ்வளவு வேகமாகத் தீரும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கேஜைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் செத்துவிட்டால் அவன் வீட்டில் போய் என்ன சொல்வேன் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேன்ஹோலில் அவனை முதலில் தள்ளினேன். நான் ஏறியபோது அவன் கான்கிரீட்டில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ரகுநாதன் குனிந்து சேவியரின் கேஜைப் புரட்டிப் பார்த்தார்.

"நூத்திருபது இருக்கே. எதுக்கு மேல வந்தீங்க?"

சேவியர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "பாத்துட்டேன்னு சொன்னியளேண்ணே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

சல்லடையை அன்று சாயங்காலம் வேறு ஆட்கள் வந்து சுத்தம் செய்தார்கள். ஆடிட் நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த நாள் எங்களைக் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். எது நடந்தாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டு மூலகாரணத்தைக் கண்டுபிடிப்பது இந்த வட்டாரத்துக் கம்பெனிகளின் சடங்கு. பலகையில் ரகுநாதன் அழகான கையெழுத்தில் எழுதினார்.

டைவர் ஏன் அவசரமாக மேலே வந்தார்? காற்று இல்லை என்று நினைத்தார். ஏன் நினைத்தார்? கேஜில் நூற்றிருபது இருந்ததைக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? பதற்றம். ஏன் பதற்றம்? போதிய பயிற்சி இல்லை.

நான்கு ஏன் முடிந்திருந்தது. சேவியரைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அதுவரை அவன் கேட் பாஸை ரத்து செய்ய வேண்டும் என்று பலகையில் கீழே எழுதியாகிவிட்டது. ஒரு கம்பெனி ரத்து செய்தால் பக்கத்துக் கம்பெனிகளும் உள்ளே விடாது. மறைமலை நகர் வரைக்கும் பேச்சு போய்விடும். பையனாகக் கடலில் இறங்கியவனுக்கு நீருக்குள் பதறுகிறவன் என்று பெயர். சேவியர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பொய்யைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என் பாஸ் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

பையிலிருந்து அந்தக் கேஜை எடுத்து மேஜைமேல் வைத்தேன். சிலிண்டர் இல்லை, குழாயின் மறுமுனை வெறுமனே தொங்கியது. முள் நூற்றிருபதில் நின்றது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆனா ஸ்டிக்கர் வேலிட்தானே சார்" என்றார் ரகுநாதன், மெதுவாக.

"வேலிட்தான் சார். முள்தான் வேலிட் இல்ல. இறங்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். சோதிச்சியான்னு இவன் என்னைக் கேட்டான். சோதிச்சேன்னு பொய் சொன்னேன். உங்க செக்லிஸ்ட்ல டிக் போட்டதும் நான்தான். அஞ்சாவது ஏன்ல என் பேரை எழுதிக்கங்க."

முதலாவது ஏன் எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாவதுவரை காத்திருந்தேன். எப்படியாவது தானாகவே சரியாகிவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிட்டால்தான் கணக்கு நேராகும்.

என் பாஸ் மூன்று மாதம் போயிற்று. சேவியரின் பாஸ் பிழைத்தது. விபத்தில்லாத நாட்கள் பலகையில் எண் மறுநாள் வழக்கம்போல ஒன்று கூடியது. காகிதப்படி காற்று தீரவே இல்லையே. கம்பெனி இரண்டு திருத்த நடவடிக்கைகள் எடுத்தது. ஒன்று, ஸ்டிக்கர் கண்ணில் படும்படி பெரிதாக இருக்க வேண்டும். அடுத்த தடவை வந்த ஸ்டிக்கர் கேஜின் முகத்தில் பாதியை மறைத்தது, நூறுக்குக் கீழே என்ன எண் என்று பார்க்க முடியாது. இரண்டாவது, செக்லிஸ்டில் இருபத்தேழாவதாக ஒரு வரி: வால்வை மூடி மூன்று மூச்சு இழுத்து முள் பூஜ்யத்துக்கு வந்ததா? ரகுநாதன் என்னைக் கூப்பிட்டே அந்த வரியை எழுதினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் படிவம் கம்பெனி கம்பெனியாகப் பரவி இன்று உங்கள் கையில் இருக்கிறது.

சேவியர் அதற்கப்புறமும் என்னோடு வேலை செய்தான். அண்ணே என்றுதான் கூப்பிட்டான், கிண்டலும் குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியது. எதையும் என்னிடம் இரண்டு தடவை கேட்பான். கயிறு கட்டியாச்சாண்ணே என்பான். ஆச்சு என்றால், கொஞ்சம் விட்டு, கட்டியாச்சுல்லாண்ணே என்பான். நான் ஓய்வு பெற்ற நாள்வரை அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது.

போன மாதம் மண்ணூர்ப் பக்கம் நீங்கள் வேலை செய்த இடத்துக்கு வந்திருந்தேன் அல்லவா? டீ வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தவன், மேஜைமேல் இருந்த செக்லிஸ்டைப் புரட்டினேன். இருபத்தேழாவது வரிக்கு நேராக டிக். படிவத்தின் மேல் நேரம் எட்டு நாற்பது. உங்கள் வண்டி சிலிண்டரோடு கேட்டுக்குள் நுழைந்தது ஒன்பது பத்துக்கு. நான்தான் செக்யூரிட்டியிடம் நீங்கள் டிரைவர்கள் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்து யாருடையது என்று தெரியும், சொல்லப்போவதில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று உங்களோடு இறங்கியது சேவியர். இப்போது தலை நரைத்துவிட்டது, இன்னும் காற்று ஆடம்பரம் என்றுதான் சொல்கிறான். இறங்குவதற்கு முன் அவன் உங்களிடம், "மூணு மூச்சு பாத்தாச்சாடே?" என்று கேட்டான். பாத்தாச்சுண்ணே என்றீர்கள். கொஞ்சம் விட்டு, "பாத்தாச்சுல்லா?" என்றான். அதற்கும் ஆமாம் என்றீர்கள். அவன் வால்வை மூடி, தானே மூச்சு இழுத்து, முள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். கிழவருக்குச் சந்தேகப் புத்தி என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முதல் தடவை அவன் உங்களைத்தான் கேட்கிறான். இரண்டாவது தடவை என்னைக் கேட்கிறான். என்னால் இனிமேல் பதில் சொல்ல முடியாது. எனக்கும் சேர்த்து நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.